மணி கல்லும் ஒரு மாணிக்கமும்

கொழும்பில் ஒரு தெருவுக்கு உங்கள் பெயர் வர வேண்டுமென்றால் மந்திரியாகவோ மந்திரியின் அப்பாவாகவோ இருக்க வேண்டும். மீன்பிடித்தவருக்கு ஒரு சந்துகூடக் கிடைக்காது. அதனால்தான், முகத்துவாரத்தில் ஒரு கடற்பாறையில் மணி என்ற மீனவரின் பெயரை எழுதப்போகிறார்கள் என்று கேட்டதும், போன ஞாயிறு கிளம்பினேன்.

காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து ஆட்டோ, 350 ரூபாய். கரையில் பால் விடாத பிளேன்டீயும் மீன் வைத்துச் சுட்ட பணிசும் கைமாறிக்கொண்டிருந்தன. எனக்கும் இலவசம்.

கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மணி அந்தப் பாறையில் ஏறி, தன் சிவப்புச் சாரத்தைக் கழற்றி ஆட்டிப் படகுகளுக்கு வழிகாட்டுவாராம். உள்ளே காற்சட்டை போட்டிருந்தாரா என்று யாரோ கேட்க, அவர் மனைவி பிலோமினாதான் முதலில் சிரித்தார். மணி போன வருடம் நோயில் இறந்தார். எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு பிறந்த பேத்தி வளர்ந்து அந்தப் பெயரை அங்கே வாசிக்க வேண்டும். பிலோமினா கேட்டது அவ்வளவுதான்.

கொள்ளுப்பிட்டியில் கடைப் பலகை எழுதும் ருவன் சும்மா எழுதித்தர வந்திருந்தார். தமிழ் தெரியாது. பாறையில் நின்று என்ன பெயர் என்று கேட்டார். கரையிலிருந்து எல்லோரும் "மணி கல்" என்று கத்தினார்கள். அலைச் சத்தத்தில் அவர் காதில் விழுந்தது "மெனிக் கல". சிங்களத்தில் மாணிக்கக் கல். அதையே சிங்கள எழுத்தில் பெரிதாக எழுதிவிட்டார்.

கரையில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பிழையைச் சொன்னார்கள். ருவன் அழிக்கத் துணி எடுத்தார். எல்லோரும் பிலோமினாவைப் பார்த்தோம். அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பாறையருகே போய், சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிட்டு அவர் மொழியிலேயே சொன்னார்.

"அழிக்காத மல்லி. உயிரோட இருக்கேக்க நான் ஒரு நாளும் அந்த மனுசன மாணிக்கம் எண்டு சொல்லேல்ல. நீயாவது சொன்னியே. கீழ அவர்ர பேரையும் எழுது."

எழுதினார், இரண்டு மொழியிலும்; தமிழை யாரோ தாளில் எழுதிக் கொடுக்க, அதைப் பார்த்து வரைந்தார். பேத்தியைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். பிள்ளை பணிசைத்தான் பார்த்தது.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பாறை வழுக்கும், செருப்பு வேண்டாம். தமிழ் ஓட்டுநரிடம் மணி கல் என்று சொல்லுங்கள், சிங்களவரிடம் மெனிக் கல. இரண்டும் ஒரே இடத்தில்தான் இறக்கிவிடும். திரும்பும்போது ஆட்டோக்காரர், அங்கே உண்மையிலேயே மாணிக்கம் இருக்கிறதா என்று கேட்டார்.

"ஓம் அண்ணே," என்றேன். "மீன் பிடிச்சுக்கொண்டிருந்தவர்."