தரை தொடாத ஆமை

நர்ஸம்மா கேட்டபோது முடியாது என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை. என் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். அதற்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போனது. இன்னொன்று பிறந்து ஒரு பகல் மூச்சுவிட்டு அடங்கியது. அந்தப் பகல் முழுக்க என் மனைவியின் கையைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் இந்த நர்ஸம்மாதான். வேதக்காரர். நடுநடுவே கண்ணை மூடி ஜெபம் செய்வார், திறந்து பிள்ளையைப் பார்ப்பார். இந்த முறையும் அவர் கையில்தான் பிள்ளை விழ வேண்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

கோடைக்கு நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் போவதாகவும், பிரசவத்துக்கு முன்னால் திரும்பிவிடுவதாகவும் சொன்னார். "வீட்ல ஒரு மீன் தொட்டி இருக்கு தம்பி. ஒரு ஜீவனப் பட்டினி போட்டுட்டுப் போக மனசு கேக்கல. நீங்க வச்சிருந்து குடுங்க" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தோம். மறுநாள் தள்ளுவண்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடித் தொட்டியை ஒரு துண்டால் மூடி வைத்திருந்தார். துண்டை விலக்கினால் உள்ளே மீன் இல்லை. உள்ளங்கை அளவில் ஓர் ஆமை. பச்சை ஓடு. கழுத்தில் மஞ்சள் கோடுகள். மெட்ராஸில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக்கொடுத்ததாம்.

"நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க, உப்புத் தண்ணி வேண்டாம். காஞ்ச எறால் இந்தப் பொட்டலத்துல இருக்கு. தெனம் கொஞ்சம் வெயில் காட்டுங்க."

"கடிக்குமாம்மா?"

"ஒங்கள மாதிரி ஆளக் கடிச்சு அது பல்லக் கெடுத்துக்கிருமா?" என்று சிரித்தார்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக ஆந்திரா வரை போயிருக்கிறேன். கல்குவாரியில் வெடி வைக்கும் கூட்டத்தில் இருந்திருக்கிறேன். திருச்சுழிப் பக்கம் கிணறு வெட்டியபோது வடம் அறுந்து, மண் நிறைந்த கூடை என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அன்று சாயங்காலமே சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். பயம் வந்தால் பஸ் ஏறுவது என் வழக்கம். கல்யாணத்துக்குப் பிறகுதான் அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் நிலைத்தேன். நிலைத்தேன் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போகவில்லை. பரளச்சியிலிருந்து என் மாமியார் வந்து எங்களோடு இருந்தார். தொட்டியை நான் தூக்கிக்கொண்டு வரவும் அவர் வாசற்படியை மறித்து நின்றார்.

"என்ன மாப்ள இது?"

"மீன் தொட்டி அத்தை."

"மீனுக்குக் காலு எதுக்கு?"

தொட்டி கனத்தது. தண்ணீர் தளும்பி என் சட்டையில் வழிந்தது.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு ஒங்க ஊர்ல சொல்ல மாட்டாகளா? அமீனா ஜப்திக்கு வந்தாக்கூட அண்டா குண்டாவோட போயிருவான். இது..." என்று ஆரம்பித்தவர், மகளின் வயிற்றைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எம்மா, அவுக கையிலதான் நான் போயிப் படுக்கணும். மாட்டேன்னு எப்படிச் சொல்ல?" என்றாள் என் மனைவி. சொல்லும்போது தொட்டிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவளுக்கு அம்மாவைவிடப் பயம் அதிகம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அத்தை தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைத்தவர். மழை இல்லாவிட்டாலும் எதையாவது விதைத்து ஒரு வழி பார்த்துவிடுவார்.

"புகுந்த வீடுன்னுதான சொல்லியிருக்கு? புகுறதுன்னா அதுவா நடந்து வரணும். இது எங்க நடந்து வருது? மாப்ளதான் தூக்கிட்டு வாராக. இது நம்ம வீட்டுக்குள்ள இல்ல, தொட்டிக்குள்ள இருக்கு" என்றவர், வழிவிட்டுக்கொண்டே சொன்னார்: "ஆனா மாப்ள, அது காலு தரையில படக் கூடாது. பட்டா புகுந்ததாயிரும்."

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதன் பெயரை வீட்டுக்குள் சொல்லக் கூடாது. வயிற்றில் இருப்பதற்குக் காது வந்திருக்கும். ஆகவே அது எங்களுக்கு மீன்.

பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் ரசம் கொண்டுவந்தவர் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்ன மீனு இது? தலைய உள்ள இழுக்குது?"

"ராமேஸ்வரத்து மீனு" என்றார் அத்தை.

"ஓடு இருக்கு?"

"அங்க காத்து ஜாஸ்தி."

அந்த அம்மா நம்பினாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. ரசம் வாசலோடு நின்றது.

தண்ணீர் மாற்றுவதுதான் பெரிய கண்டம். நல்ல தண்ணீர்க் குழாய் எப்போது வருமென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வரும் அன்று, குடிப்பதற்குப் பிடித்ததில் ஒரு குடத்தை என் மனைவி இதற்கென்று ஒதுக்கிவைப்பாள். நான் ஆமையை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு நிற்பேன். அத்தை தொட்டியைக் கழுவி நிரப்புவார். நான்கு காலும் நீந்துவதுபோல் என் கையைப் பிறாண்டும். நகம் கூர்மை. வலியில் கை நழுவினால் கீழே சிமெண்டுத் தரை. "மாப்ள, கெட்டியா. மாப்ள, கெட்டியா" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்லச் சொல்ல என் விரல்கள் வழுக்கும். வெடிக்குத் திரி பற்றவைத்துவிட்டு ஓடியபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

தினம் வெயில் காட்டச் சொன்னாரே என்று ஒரு நாள் காலையில் தொட்டியைத் தண்ணீரோடு தூக்கி முற்றத்தில் ஒரு கல்மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வடகத்துக்கும் வத்தலுக்கும் வெயில் காட்டியவர்களுக்குக் கண்ணாடித் தொட்டிக்குள் சித்திரை வெயில் என்ன செய்யும் என்று தெரியவில்லை. மதியம் சாப்பிட வந்தபோது தெருவிலேயே ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் நகம் உரசும் சத்தம், விடாமல். ஓடிப்போய்க் கையை விட்டேன். வடித்த கஞ்சிபோலச் சுட்டது. எடுத்தபோது அது தலையை உள்ளே இழுக்கவில்லை. கழுத்து தொங்கியது.

"அத்தை!" என்று கத்தினேன். எங்கே வைப்பது? தரையில் வைக்க முடியாது. அத்தை அடுப்படியிலிருந்து அரிசி புடைக்கும் சுளகோடு ஓடிவந்தார். சுளகில் ஈரத்துணியை விரித்து, அதில் ஆமையைக் கிடத்தி நிழலுக்குக் கொண்டுபோனோம். சுளகை நான் ஏந்திக்கொண்டே நின்றேன். அதையும் தரையில் வைக்க இரண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை. வெகு நேரம் கழித்து ஒரு கால் அசைந்தது.

"இதுக்குக் காச்சலு வந்தா எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது?" என்றார் அத்தை. சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அதோடு வெயிலையும் நிறுத்திவிட்டோம். தொட்டி உள்ளறை மூலைக்குப் போனது. ஆமை எந்நேரமும் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. கொஞ்ச நாளில் இறாலை மோந்து பார்த்துவிட்டு விலகியது. அப்புறம் மோந்தும் பார்க்கவில்லை. கண்கள் இரண்டும் வீங்கி, இமை மேல் வெள்ளையாகப் படர்ந்தது. கண் திறக்க முடியாமல் கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

என் மனைவி அதே அறையில்தான் படுத்திருந்தாள். நகம் உரசும் சத்தம் நின்றால் கூப்பிடுவாள். "என்னங்க, அது உசுரோட இருக்கா பாருங்க." நான் பார்த்துச் சொல்வேன். வயிற்றில் அசைவு நின்றாலும் கூப்பிடுவாள். "என்னங்க, கைய வச்சுப் பாருங்க." நான் கையை வைத்துக் காத்திருப்பேன். இரண்டும் ஒன்றாகிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். ஆமை இருந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று பயம். ஆமை செத்தால் அதைவிட ஆகாது என்று பயம். ஒரு சாயங்காலம் பட்டறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். மதுரை பஸ் ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. அது கிளம்பிப் போகும்வரை நின்றுவிட்டு, எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தேன். நர்ஸம்மா மகள் வீட்டு நம்பர் கொடுத்திருந்தார்.

"அம்மா, அதுக்குக் கண்ணு வீங்கியிருக்கும்மா. சாப்பிட மாட்டேங்குது."

"வெளிய விடுறீங்களா இல்லியா?"

"வெயில் காட்டுனோம்மா."

"அதில்ல தம்பி. தண்ணிய விட்டு வெளிய வரணும். ஒடம்பு காயணும், நடக்கணும். எங்க வீட்ல காலையில அடுப்படி வரைக்கும் நடந்து வந்து நிக்கும். எந்நேரமும் தண்ணிக்குள்ளயே கெடந்தா செத்துப்போகும். தரையில விடுங்க."

"விடுறோம்மா."

"அவ எப்படி இருக்கா? புள்ள அசையுதா?"

"அசையுதும்மா" என்று வைத்துவிட்டேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. அத்தை குடங்களோடு போனார். நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி கட்டிலைப் பிடித்து எழுந்து தொட்டிக்குள் கையை விட்டாள். அதுவரை அவள் அதைத் தொட்டதே கிடையாது.

"ஏ புள்ள, குடு, நான் பிடிக்கேன்."

"நீங்க தொடாதீங்க. நான்தான் விடணும்."

"அத்தை வந்தா..."

"வரட்டும். எத்தனையத்தான் சாகக் குடுக்குறது?"

அவளால் குனிய முடியவில்லை. சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்து, சன்னல் வெயில் சதுரமாக விழுந்த இடத்தில் அதைத் தரையில் வைத்தாள். ஏதாவது நடக்கும் என்று நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆமைகூட அசையவில்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் வடிந்து காய்ந்தது. அப்புறம் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து வெயில் பக்கமாக நீண்டது. பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டி விரித்து, சோம்பல் முறிப்பதுபோல் கிடந்தது. பிறகு நடந்தது. கட்டிலைத் தாண்டி நிலைப்படி வரை, ஈரக் கால்தடம் வைத்துக்கொண்டு.

அங்கே அத்தை இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். குடத்தை இறக்கி வைத்தார். மகளைப் பார்த்தார், தரையில் இருந்த தடத்தைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். சாயங்காலம் என்னிடம், "மாப்ள, ஆமைக்கு எற வச்சாச்சா?" என்று கேட்டார்.

வீட்டுக்குள் அந்தப் பெயரை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்ற மாதிரி இருந்தது அந்தக் குரல். அவர் திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அதன்பிறகு தினமும் காலையில் அது வீட்டுக்குள் நடந்தது. கண்ணில் படர்ந்த வெள்ளை உரிந்து, வீக்கம் வடிந்து, இறாலைக் கவ்வ ஆரம்பித்தது. நர்ஸம்மா ஊரிலிருந்து வந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாப் பாத்திருக்கீங்க" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். தொட்டி போன மூலையை அத்தை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார். எங்களுக்கு நிம்மதி வரவில்லை. புகுந்தது புகுந்ததுதானே.

வலி எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அத்தையும் நின்றோம். உள்ளே என் மனைவியின் சத்தம் ஏறி ஏறி, சட்டென்று நின்றது. அதற்கப்புறம் கேட்க வேண்டிய சத்தம் கேட்கவில்லை. அத்தை என் முழங்கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் அவர் வளையல் என் சதையில் பதிந்தது. உள்ளே யாரோ பிள்ளையைத் தட்டுவது கேட்டது. நர்ஸம்மாவின் குரல், "அழு தாயி, அழு, அழு" என்று. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

பெண் பிள்ளை. எடை குறைவு. ஒரு பகல் கடந்தது. இரண்டாவது பகலும் கடந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிள்ளை வந்தபிறகும் பயம் எங்களை விடவில்லை. முன்பு வயிற்றில் கையை வைத்துப் பார்த்த மாதிரி இப்போது மூக்கில் விரல் வைத்துப் பார்த்தோம். ஒரு மத்தியானம் பிள்ளை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி கண்ணயர்ந்திருக்கிறாள் என்று நினைத்து, சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து விரலை நீட்டினேன். அதே நேரம் அந்தப் பக்கமிருந்து அவள் விரலும் வந்தது. இரண்டு விரலும் அந்தச் சின்ன மூக்குக்குக் கீழே மோதிக்கொண்டன. பிள்ளை தும்மியது. முகம் சிவந்து, வாயைக் கோணி, வீடு அதிர அழ ஆரம்பித்தது.

"யாரு எம்பேத்திய எழுப்பிவிட்டது?" என்று அடுப்படியிலிருந்து அத்தை சத்தம் போட்டார். "இப்பத்தான தூங்க வச்சேன், ஒங்க ரெண்டு பேருக்கும் வேற சோலி இல்லியா?"