வராத குடும்பத்தின் கையெழுத்து

பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த இருபத்திரண்டு குடும்பங்களின் ஊர் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். வந்தது இருபத்தொன்று. ஒரு குடும்பத்துக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அடுத்ததில் வருகிறோம் என்றார்களாம். திருமுல்லைவாயிலில் அரசு நிலம் கொடுத்தபோது, அப்பாவும் மற்றவர்களும் கூட்டுறவுச் சங்கம் வைத்து, வராதவர்களையும் உறுப்பினராக எழுதிவிட்டார்கள். பர்மாவில் தனிப்பேரில் இருந்த கடைகள் பறிபோனதைப் பார்த்தவர்கள். அதனால் நிலம், வீடு எல்லாம் சங்கத்தின் பேரில். விற்பதென்றால் எல்லாக் குடும்பமும் கையெழுத்திட வேண்டும். வீட்டைப் பூட்டிப்போட்டால் பங்கு போய்விடும்.

தை மாதம் சீட்டுக் குலுக்கி, எந்தத் துண்டை யார் உழுவதென்று முடிவாகும். வராதவர்களுக்கும் ஒரு சீட்டு. அவர்கள் துண்டை எல்லோரும் முறைவைத்து உழுவோம். அந்த நெல் தனி மூட்டை. அதன்மேல் ஏறி உட்கார்ந்ததற்கு நான் அடி வாங்கியிருக்கிறேன்.

இப்போது உழவு இல்லை. நாலு பக்கமும் அடுக்குமாடி; பால்கனிகள் எங்கள் முள்காட்டைக் குனிந்து பார்க்கின்றன. தொழிற்பேட்டைப் புகை என் மனைவியின் நெஞ்சில் குடியேறிவிட்டது. இடத்தை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லி இரண்டு மழைக்காலம் போயிற்று. பங்கை விற்றால்தான் வேறிடம்.

போன மாதம் இருபத்தொரு கையெழுத்தும் விழுந்தன. சங்கச் செயலாளர், என்னோடு வளர்ந்தவன், தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்து வந்தான். கடைசிக் கட்டம் காலி.

"இன்னா மச்சான், ரோசனை பண்ணிகினு கீற? எழுதுற ஆளு நீ. அவுங்க பேர்ல ஒரு கிறுக்கு கிறுக்கு."

"அவங்க வந்துட்டா?"

"வராத கப்பலுக்கு நீ இன்னா துறைமுகமா?"

பேனாவை எடுத்தேன். முதல் எழுத்துவரை கை போனது. அதற்குமேல் போகவில்லை. அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. அவர்கள் சேற்றில் என் கால் புதைந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

சமையலறை வாசலில் நின்று மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "வராதவங்களுக்கு வயலு, வந்தவளுக்கு இருமலா?" என்றாள். "நான் கெளம்பறதுக்கு யாரு கையெழுத்தும் வேணாம்."

மறுநாள் காலை ரயிலில் திருத்தணியிலுள்ள தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கூடப் போக எனக்கு வழியில்லை. பங்கு நிற்க வேண்டுமென்றால் வீடு திறந்திருக்க வேண்டும்.

தினமும் போன் செய்கிறாள். ஒரு தடவைகூட இருமாமல், எப்போது வருகிறீர்கள் என்று கேட்கிறாள். கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.