அடையாற்றில் பூநாரை

எழுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அடையாறு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. மயிலாப்பூரிலிருந்து போகும் பஸ் பாலத்தைத் தாண்டும்போது ஒருநாள் பூநாரைகளைப் பார்த்தேன். இளம் ரோஸ் நிறம், குச்சிக் கால்கள், சத்தியமாக எட்டு! வீட்டுக்கு வந்து சொன்னால் என் கணவர் பேப்பரைக்கூட இறக்கவில்லை.

"கொக்கைப் பார்த்திருப்பே. முதல்ல கண்ணாடியை மாத்திக்கோ."

எனக்கு வந்ததே கோபம். ஆறு மாதத்தில் நான் சொன்ன எதையும் அந்த மனுஷர் முழுசாக நம்பியதில்லை. இதையாவது நம்பவைக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போவதாக ஏற்பாடு. காபி குடித்துக் கிளம்புவதற்குள் ராகுகாலம் வந்துவிடுமே என்று, நாலு மணிக்கே அவர் பைனாகுலர் பையை எதிர்வீட்டில் கொண்டுபோய்ப் பரஸ்தானம் வைத்தார். நல்ல நேரத்தில் பை புறப்பட்டுவிட்டால் நாமும் புறப்பட்ட மாதிரி; அப்புறம் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். நாங்கள் ஐந்து மணிக்கு வெளியே வந்தால் எதிர்வீட்டில் பூட்டு தொங்குகிறது. குடும்பத்தோடு சினிமாவுக்குப் போய்விட்டார்கள்! நான் தெருவிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலத்திலிருந்து வெறும் கண்ணால் பார்த்தால், தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள்.

"நான் சொல்லலே?" என்றார்.

விடுவேனா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் இறங்கினேன். வேறு வழியில்லாமல் பின்னால் வந்தவர், பத்தடி போவதற்குள் முழங்கால்வரை சேற்றில் புதைந்தார். வலை அலசிக்கொண்டிருந்த பட்டினப்பாக்கத்து மீனவர் ஓடி வந்தார்.

"இன்னா சார், வேட்டி கட்டிக்கினு சேத்துல எறங்கிக்கினு கீறே? கைய குடு நைனா!"

சளக்கென்று கால் வந்தது. செருப்பு வரவில்லை. "ஐயோ, புதுச் செருப்பு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பறவைக் கூட்டம் மொத்தமும் எழும்பியது. விரித்த சிறகெல்லாம் செக்கச்செவேல், ஓரத்தில் கறுப்பு. எங்கள் தலைக்கு மேலேயே போயின. நான் குதித்தேன், கத்தினேன், மீனவரின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். என் கணவர் ஒற்றைச் செருப்போடு, திறந்த வாய் மூடாமல் நின்றார்.

மறுநாள் காலை அவருக்கு ஆபீஸ் நினைப்பே இல்லை. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, கையை விரித்துப் பறந்து காட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் நம்பவில்லை.

"அடையாத்துல ரோஸ் பட்சியா? ஜூவுக்குப் போய்ட்டு வந்தேளா ஓய்?" என்றார் மாடிவீட்டு மாமா.

என் கணவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை நம்பலேன்னா போறது. எங்காத்துல கேளுங்கோ, அவ சொன்னா சரியா இருக்கும்!"

உள்ளே உப்புமா கிளறிக்கொண்டிருந்த நான், கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன்.