எர்த் ஒயர் போன வழி

நிதானம் என்பது அவருடைய பெயர் அல்ல, டிரைவர்கள் வைத்த பட்டம். லாரி எலெக்ட்ரீசியன். வண்டி வந்து நின்றால் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றமாட்டார். பம்பரில் சாய்ந்துகொண்டு, "எப்ப நின்னுச்சு? மேடு ஏறும்போதா, எறங்கும்போதா? மழையில நனைஞ்சுதா?" என்று வைத்தியர்போல விசாரிப்பார். "பொண்ணு பார்க்க வந்தவரு மாதிரி சுத்திச் சுத்திப் பார்க்கிறாருப்பா" என்று கேலி பேசுவார்கள். ஆனால் அடுத்த தடவையும் அவரிடம்தான் வருவார்கள்.

அவர் மனைவிக்கு இரண்டு தம்பிகள். மாமனார் போகும்போது பிள்ளைகளுக்கு விட்டுப்போனது ஒரு வீடும் ஒரு லாரியும். அண்ணனும் தம்பியும் தாயோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, வாரம் மாற்றி வாரம் வண்டியை ஓட்டினார்கள். பெரியவன் வாய்க்காரன். சின்னவன் தலையாட்டுகிறவன். அப்பா இருந்தவரை அப்பாவுக்கு ஆட்டினான், பிறகு அண்ணனுக்கு.

கொஞ்ச நாளாக சின்னவன் முறை வந்தால் மட்டும் வண்டி கொதித்தது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஒருநாள் பாதி மேட்டில் ஆவி சீற, அவசரத்தில் மூடியைத் திறந்து முன்கையை வேக வைத்துக்கொண்டான். "என் கையில ராஜா மாதிரி ஓடுது. இவனுக்கு வண்டி வசப்படல, பேசாம எங்கிட்டயே விட்டுறச் சொல்லுங்க மாமா" என்றான் பெரியவன். கடைக்கு அவனும் கூட வந்து சாவியைத் திருப்பினால் ஃபேன் சமர்த்தாகச் சுற்றியது. நிதானத்துக்குத் தலை கிறுகிறுத்தது. மோட்டாரை மாற்றிப் பார்த்தார், ஃபியூஸை மாற்றிப் பார்த்தார். நோய் மட்டும் போகவில்லை.

"அடுத்த தடவ கொதிச்சா வீட்டுக்குப் போகாத. நேரா இங்க வா" என்று சின்னவனிடம் சொல்லி வைத்தார்.

அப்படியே வந்தான், எஞ்சின் புகைய. வண்டியை ஆறவிட்டு வேலையில் இறங்கினார். ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் சுற்றியது. ஃபேனை ஓடவிடுகிற ரிலேவுக்குக் கரண்ட் வந்து நின்றது, ஆனால் ரிலே இழுக்கவில்லை. சூட்டைப் பார்த்துச் சொல்கிற சென்சரைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். அதுவும் நல்லதுதான். மிஞ்சியது எர்த், கரண்ட் திரும்பிப் போகிற வழி. ஒரு துண்டு ஒயரை எடுத்து ரிலேவின் எர்த் காலை வண்டியின் இரும்புச் சேசிஸில் தொட்டார். டக்கென்று இழுத்தது, ஃபேன் காற்றாய்ச் சுற்றியது.

அந்த எர்த் ஒயர் பக்கத்திலேயே இருக்கிற போல்ட்டில் முடிய வேண்டியது. ஆனால் அங்கே இல்லை. புதுக் கறுப்பு டேப்புக்குள் ஒளிந்துகொண்டு கேபினுக்குள் போயிருந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். விரலில் ஒரு சின்ன சுவிட்ச் தட்டுப்பட்டது. ஒயர் அதில்தான் போய்ச் சேர்ந்தது, சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்தது. கேபினில் விளக்குப் போடணும் என்று சொல்லி, பெரியவன் அவர் கடையிலிருந்தே கேட்டு வாங்கிப்போன சுவிட்ச்.

சீட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே சின்னவன் வெந்த கையை ஊதிக்கொண்டு நின்றான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மாமா?"

"ம். வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்றார். சுவிட்சை அறுத்தெடுத்துவிட்டு, ஒயரைப் பழைய போல்ட்டிலேயே முடுக்கினார்.

மாமியார் வீட்டுக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் சுவிட்சை மேசைமேல் வைத்தார். அவர் மனைவியும் கூட வந்திருந்தாள். நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பெரியவன் கண் இமைக்கவில்லை.

"இது உங்க கடை சுவிட்சுதானே மாமா?"

"நீ கேட்டு வாங்கிட்டுப் போனது."

"நான் எதுக்கு வாங்குறேன்? எனக்கு ஒயரிங் தெரியுமா? மாட்டுனவருக்குத்தானே எடுக்கத் தெரியும். எங்க ரெண்டு பேரையும் மோதவிட்டு வண்டிய அக்கா பேருக்கு மாத்தலாம்னு பார்க்கிறீங்க!"

கோபத்தில் பேசிப் பழக்கமில்லாத மனிதர். மாமியாரைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வண்டி எக்கேடோ கெடட்டும். எம் பிள்ளைங்கள பிரிச்சிடாதீங்க மாப்பிள்ளை" என்று அழுதாள். சின்னவனைப் பார்த்தார். அவன் அண்ணனைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"மாமாதான் ஏதோ பண்ணியிருக்காரு" என்றான் மெதுவாக.

மனைவி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "வாங்க, போகலாம்" என்றாள்.

அதோடு பிறந்த வீடு அவளுக்கு இல்லையென்று ஆனது. தாய் படுக்கையில் விழுந்ததையே மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். லாரி வேறு எலெக்ட்ரீசியனிடம் போனது. மச்சினன்மாரே ஒதுக்கிவிட்ட ஆள் என்று கடைத்தெருவில் பேச்சு கிளம்பியது. சில டிரைவர்கள் கடையைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடிப்பதைக்கூட நிறுத்திக்கொண்டார்கள்.

ஒருநாள் ஒயர் வாங்கப் போனபோது, மார்க்கெட் முனையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான் சின்னவன். நழுவப் பார்த்தவனை வழிமறித்தார்.

"வண்டிக்குப் போகலியாடா?"

"அண்ணன்தான் ஓட்டுறான். எம் பங்க எழுதிக் கொடுத்துட்டேன்." தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா. நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே தெரியும்."

"பின்ன ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நீங்க பேசிட்டு உங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. நான் அங்கதானே படுத்து எந்திரிக்கணும்."

மேஸ்திரி கத்தினான். சின்னவன் அடுத்த மூட்டைக்குக் குனிந்து முதுகைக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். இப்போதாவது அவள் தம்பியைத் திட்டுவாள், தன் பக்கம் ஒரு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மெலிஞ்சு போயிருந்தானா?"

"ஆமா" என்றார் அவர்.

அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.