பேச்சில்லாத ஒன்பது அழைப்புகள்

தருமபுரியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் இணையத் தொலைபேசிகள் அத்தனையும் ரஞ்சித்குமாரின் பொறுப்பு. ஏரியூர்க்காரன். பல்லைக் கடித்துக்கொண்டு டிப்ளமோ முடித்து, வயர் இழுக்கும் வேலையில் தொடங்கி, முப்பத்தைந்து வயதில் ஏசி அறையில் உட்காரும் அளவுக்கு வந்தவன். மலைக் கிராமங்களில் இருந்த ஏழு துணை மையங்களுக்கும் தினமும் காலையில் தன் நாற்காலியிலிருந்தே போன் அடித்துப் பார்ப்பான். அங்கே மணி அடித்தால் போதும், அட்டவணையில் பச்சை. செல்போன் சிக்னல் எட்டாத சித்தேரி மையத்துக்கு அந்த ஒரு போன்தான் கதி. அதுவும் பச்சை.

ஒருநாள் வரவேற்பில் இருந்த பானுமதி வந்து பொரிந்து தள்ளினாள்.

"சித்தேரியிலிருந்து ஊமைப் போனா வருதுங்க சார். எடுத்தா ஒரு சத்தமும் இல்ல. யாரோ வெளையாடறாங்க."

ரஞ்சித்குமாருக்கு மூளை வேலை செய்தது. பேச்சில்லாத அழைப்பு மூன்று முறை வந்தால், அந்த எண் அன்று முழுக்க உள்ளே வர முடியாதபடி தடை போட்டான். புகார் நின்றது. நம்பகமான சேவைக்கென்று நிர்வாகம் கேடயம் கொடுத்தது. அதோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்துக்கொண்டான்.

ஐப்பசியில் சித்தேரியில் சாமை அறுக்கும்போது காளியன் என்பவனைக் கண்ணாடி விரியன் கடித்தது. அவன் மனைவி சின்னக்காதான் துணை மையத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள், சாவியும் அவளிடம்தான். ஓடிப்போய் ஆம்புலன்ஸ் கேட்டு ஒன்பது தடவை போன் அடித்தாள். ஒன்றும் வரவில்லை. பேருந்து வரும்வரை காத்திருந்து கீழே கொண்டுவந்தார்கள். உயிர் தங்கியது, வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

ரஞ்சித்குமார் பதிவுகளைத் திறந்து பார்த்தான். முதல் மூன்று அழைப்புகள் ஊமை. மீதி ஆறும் அவன் போட்ட தடையில் முட்டித் திரும்பியவை. தப்பு தன்னுடையது என்று தெரிந்தது. ஆனாலும் வாய் திறந்தானா? இல்லை. தடையை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, காளியன் படுத்திருந்த வார்டுப் பக்கமே தலைகாட்டாமல் ஒரு மாதம் பின்வாசல் வழியாக வந்துபோனான். வெட்கக்கேடு!

காளியன் வீடு திரும்பிய பிறகும் மனம் அரித்தது. போனைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஒரு வழியாகச் சித்தேரி மையத்துக்கு மலையேறினான்.

"வாங்க சார்," என்றாள் சின்னக்கா. "போன் மேல தப்பில்லீங்க. படிக்காதவ, எனக்குத்தான் அதுல பேசத் தெரியல. அந்தம்மா பேசறது எனக்குக் கேட்டுச்சு. நான் கத்துனது அவங்களுக்குப் புரியல போல."

அவன் போனை எடுத்தான். பொறுப்பேற்ற மூன்று வருடத்தில் அவன் அதைக் கையால் தொட்டது அதுவே முதல் முறை.

"வணக்கம், சொல்லுங்க." பானுமதியின் குரல் பக்கத்தில் நிற்பதுபோலத் தெளிவாகக் கேட்டது.

"நான் ரஞ்சித் பேசறேன்."

"ஹலோ? யாருங்க?"

"நான்தாம்மா, ரஞ்சித்! கேக்குதா?" என்று கத்தினான்.

"மறுபடியும் சித்தேரி ஊமை," என்று யாரிடமோ சலித்துக்கொண்டு அவள் வைத்துவிட்டாள்.

மலையிலிருந்து போகும் குரலுக்கு மட்டும் ரூட்டரில் வழி அடைபட்டிருந்தது. பத்து நிமிட வேலை. முடித்துவிட்டு, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான்: தடையை, கேடயத்தை, பின்வாசலை.

சின்னக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். அழவில்லை, ஏசவும் இல்லை.

"எனக்குப் பேசத் தெரியாமத்தான் வூட்டுக்காரரு கை போச்சுன்னு ஒரு மாசமா நெனச்சுட்டு இருந்தேனே சார்," என்றாள். "அத மட்டுமாவது முன்னமே வந்து சொல்லியிருக்கலாமில்லீங்களா?"