காய்த்த கை

ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காகச் சதைத் துணுக்குகளுக்குச் சாயமேற்றுவது அவள் வேலை. கணவர் லாரி டிரைவர். கல்யாணமான புதிதில் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கை கொப்பளித்தது, அப்புறம் காய்த்துப்போனது. காய்ப்பைச் சீவ அவர் எடுத்த பிளேடை அவள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

"விடுங்க! அழுத்தம் தாங்க அடியில செல்லுங்க வேகமாப் பெருகும். மேல வந்து செத்து, அடுக்கடுக்கா நின்னு, உயிரோட இருக்கிறதைக் காப்பாத்தும்."

"அப்போ எங்களுக்காக உழைச்சே செத்த எங்கப்பா மாதிரின்னு சொல்லு," என்று சிரித்தார்.

ஓய்வுபெற்றதும் அந்தக் கை பூவாகிவிட்டது. ஒரு மத்தியானம் அரைத்தூக்கத்தில் அது மேலே பட, "யாரது?" என்று பதறி உதறிவிட்டாள். அவர் முகம் செத்துப்போனது. மறுநாளே மண்வெட்டி வாங்கிவந்து கொல்லையைக் கொத்த ஆரம்பித்தார்.

"இந்த வயசுல எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"உனக்கு என் கை அடையாளம் தெரிய வேண்டாமா?"

அவர் போன பிறகு அவள்தான் கொத்துகிறாள், அவரைத் திட்டிக்கொண்டே. கொப்பளித்து, உரிந்து, அவள் உள்ளங்கையும் இப்போது காய்த்துவிட்டது. களைத்து உட்காரும்போது ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொள்கிறாள். உதறுவதில்லை.