பனந்தோணியும் கடக்கரை மாப்ளயும்

இன்னைக்கு வாடிப்பட்டிப் பக்கம் எங்க கண்மாயில மீன்பிடி. ஊர்ப் பெரியவர் கரையில நின்னு துண்டை வீசுனதும் ஊரே வலையும் கூடையுமா இறங்கிருச்சு. நான் என் தோணியில. பனைமரத்தை நானே குடைஞ்சு செஞ்சது.

தங்கச்சி வீட்டுக்காரர் கடக்கரை ஆளு. பெருமைக்கு விளிம்பு உசந்த தன் கடல் வள்ளத்தை மாட்டுவண்டியில ஏத்திக் கொண்டாந்திருந்தாரு. என் தோணியைப் பாத்துச் சிரிச்சாரு.

"என்ன மச்சான், விளிம்பு ஒரு சாண்கூட இல்ல. மாட்டுத்தொட்டியா?"

"ஆமா மாப்ள, கடல்ல விட்டா முத அலையிலயே முங்கிரும். இங்கயும் தும்முனாலே தண்ணி உள்ள வரும். ஆனா இது முழங்கால் தண்ணி, பாருங்க."

அவரு வள்ளம் பத்தடி போகல, சேத்துல உக்காந்துருச்சு. நான் மூங்கிலை ஊண்டித் தாமரைக்குள்ள போயிட்டு வந்தேன். வலையைத் தூக்கவே வேண்டாம், விளிம்புல சாச்சா மீன் உள்ள விழும்.

நான் திரும்பையில, மாப்ள வள்ளத்தைத் தள்ள இறங்கி இடுப்பு வரைக்கும் சேறா நின்னாரு. கூப்பிட்டு ஏத்திக்கிட்டேன். அந்நேரம் தோணிக்குள்ள கெடந்த பெரிய விரால் ஒண்ணு துள்ளி வெளிய போயிருச்சு.

"பாத்தீகளா மச்சான், விளிம்பு இல்லாத லட்சணத்தை!"

"அது கெடக்கட்டும் மாப்ள. இப்ப நீங்க எந்த விளிம்பு வழியா ஏறுனீக?"

பதில் தெரிஞ்சவுக சொல்லுங்க. அவரு எங்க வீட்டு மீன்கொழம்பைச் சாப்புட்டு முடிச்சு, கையைக் கழுவப் போயிட்டாரு.